ஓட்டுரிமை வந்தது, கோயில் கதவு திறந்ததா? திண்டிவனத்து ஓமந்தூராரின் கதை

ஓமந்தூரார் என்றதும் சென்னைக்காரர்களுக்கு உடனே ஞாபகம் வருவது ஓர் அரசு ஆஸ்பத்திரி. ஓமந்தூரார் தோட்டம், ஓமந்தூரார் மருத்துவமனை என்று தினமும் எத்தனையோ பேர் சொல்கிறார்கள். அந்தப் பேருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார், அவர் நம்ம விழுப்புரம் மாவட்டத்துக்காரர் என்பது பலருக்குத் தெரியாது. நாடு விடுதலை பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் அவர்தான்.

இப்போது எதற்கு அவர் கதை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் மேல்பாதி என்று ஒரு கிராமம். அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில், திருவிழா நேரத்தில், பட்டியல் சாதி இளைஞர்கள் நுழைந்ததால் தகராறு வெடித்தது. ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து, 2025 ஏப்ரலில்தான் போலீஸ் பாதுகாப்போடு அந்த மக்கள் உள்ளே போய்ச் சாமி கும்பிட முடிந்தது.

அவர்கள் உள்ளே போவதற்கு உரிமை தரும் சட்டம் புதுசா போட்டது கிடையாது. 1947-லேயே போட்டாச்சு. போட்டது மேல்பாதி இருக்கும் அதே மாவட்டத்து ஓமந்தூரில் பிறந்தவரின் அரசு. சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் எழுபத்தைந்து வருஷம் ஏன் ஆனது? அதைப் புரிந்துகொள்ள அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

யார் இந்த ஓமந்தூரார்?

ஓ.பி.ராமசாமி ரெட்டியார். 1895 பிப்ரவரி 1-ம் தேதி திண்டிவனத்துக்கு அருகே ஓமந்தூரில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம் என்று தனியாக ஒன்று இல்லை, எல்லாம் தென்னாற்காடு. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்தான்.

காந்தியின் அழைப்பைக் கேட்டுக் காங்கிரஸில் சேர்ந்தார். கதர் கட்டினார், ஜெயிலுக்குப் போனார். தென்னாற்காட்டில் கட்சியை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். பக்தியும் உண்டு, திருவண்ணாமலை ரமணரிடத்தில் ஈடுபாடு, வடலூர் வள்ளலாரிடத்தில் அதைவிட ஈடுபாடு. ஆள் கறார். சிபாரிசு என்று யாராவது வந்தால் முகம் மாறிவிடும் என்று பேர் வாங்கியவர்.

1947 மார்ச்சில் டி.பிரகாசத்தின் அமைச்சரவை உட்கட்சிச் சண்டையில் கவிழ்ந்தது. சென்னை மாகாணம் அப்போது தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசுகிற பகுதிகள் சேர்ந்த பெரிய மாகாணம். சட்டசபைக் காங்கிரஸுக்குள் ஆந்திரர், தமிழர், அதற்குள் ராஜாஜி ஆதரவாளர், காமராஜர் ஆதரவாளர் என்று பல அணிகள். தெலுங்கு வேர் உள்ள சமூகத்தில் பிறந்து, தமிழ் மண்ணில் வளர்ந்து, எந்த அணியிலும் ஒட்டாமல் நின்ற ஓமந்தூராரின் பேர் மேலே வந்தது. 1947 மார்ச் 23-ம் தேதி அவர் பதவியேற்றார். முதலமைச்சர் பதவியை அப்போது பிரீமியர் என்று சொல்வார்கள். ஐந்து மாதத்தில் விடுதலை வந்தது.

புது நாட்டில் யார் குடிமக்கள்?

ஒரு நாடு புதிதாகப் பிறக்கும்போது முதலில் வரும் கேள்வி, இங்கே யாரெல்லாம் நம்மவர் என்பதுதான். இது இந்தியாவுக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. அதிலிருந்து பிரிந்த லாத்வியா, எஸ்டோனியா ஆகிய நாடுகள் ஜனநாயகப் பாதைக்கு வந்தன. ஆனால் 1940-ல் சோவியத் ஆக்கிரமிப்பு வருவதற்கு முன்பு குடிமக்களாக இருந்தவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும்தான் குடியுரிமை தானாகக் கிடைத்தது. பின்னால் வந்து குடியேறிய ரஷ்ய மொழிக்காரர்கள், அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகள் உட்பட, மொழித் தேர்வு எழுதித்தான் குடியுரிமை வாங்க வேண்டியிருந்தது. லாத்வியாவில் மட்டும் சுமார் 7 லட்சம் பேர் குடிமக்கள் அல்லாதோர் என்று தனிப் பாஸ்போர்ட்டோடு நின்றார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு, பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். சுதந்திரம் கிடைத்த அதே 1948-ல் அங்கே கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால், தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த மலையகத் தமிழர்கள் பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போனது. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, மனிதர்களை எண்ணிக்கை வைத்துப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

இந்தியா வேறு வழியில் போனது. பிரிவினையின் ரத்தம் காயாத நேரத்திலும், வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று அரசியல் சாசனம் முடிவு செய்தது. அதற்கு முன் 1946-ல் நடந்த மாகாணத் தேர்தலில் சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. பெரிய மாற்றம் இது, சந்தேகமே இல்லை.

ஆனால் ஓட்டு என்பது ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. மற்ற நாட்களில் ஒரு மனிதன் கோயிலுக்குப் போகிறான், பிள்ளையைக் காலேஜில் சேர்க்கப் பார்க்கிறான், போலீஸ் ஸ்டேஷனைக் கடந்து நடக்கிறான். அங்கெல்லாம் அவன் குடிமகனா? சென்னை மாகாணத்தில் இந்த இரண்டாவது கேள்வியைச் சட்டமாக எடுத்துக்கொண்டது ஓமந்தூராரின் இரண்டு வருஷ ஆட்சி.

கோயில் கதவு

கோயில் நுழைவுக்கு அதற்கு முன்பே சட்டம் இருந்ததே என்பீர்கள். இருந்தது. 1939-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாதய்யர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அதையொட்டி ராஜாஜி அரசு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின்படி கோயில் நிர்வாகம் நினைத்தால், வழிபடுகிறவர்கள் பொதுவாக எதிர்க்காவிட்டால், திறந்துவிடலாம். அதாவது உள்ளே இருப்பவர் மனம் வைக்க வேண்டும்.

1947-ல் வந்த சென்னை ஆலய நுழைவு அங்கீகாரச் சட்டம் இதைத் தலைகீழாக மாற்றியது. இதுவரை தடுக்கப்பட்டிருந்த மக்களுக்கு, மற்ற இந்துக்கள் எந்த அளவுக்கு, எந்த முறையில் கும்பிடுகிறார்களோ, அதே அளவில் உள்ளே வந்து கும்பிட உரிமை உண்டு. வழக்கம், மாமூல் என்று எதையும் குறுக்கே காட்ட முடியாது. சலுகையாக இருந்தது உரிமையானது. இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தென் கன்னடத்தின் முல்கி கோயில் தரப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1957-ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

அதே 1947-ல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மேலவையில் தொடங்கிவைத்த முயற்சி, மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் பேசிய பேச்சு எல்லாம் ஓமந்தூரார் காலத்தில்தான் முழுச் சட்டமாகப் பலித்தன.

போலீஸ் ரிஜிஸ்தர்

இரண்டாவது விஷயம் குற்றப்பரம்பரைச் சட்டம். பிரிட்டிஷ்காரர்கள் 1871-ல் வடக்கே தொடங்கி, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டித்த சட்டம் அது. ஒருவர் தப்பு செய்தாரா இல்லையா என்பதே தேவையில்லை. குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்தால் போதும், கைரேகையைப் பதிவு செய்யலாம். ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லலாம். ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டு கேட்கலாம். மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். கள்ளர், மறவர், குறவர் எனப் பல சமூகங்கள் இதில் சிக்கின. 1920-ல் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் எதிர்த்து நின்ற மக்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட தலைவர்கள் பல வருஷம் போராடினார்கள்.

1947-ல் ஓமந்தூரார் அரசு இந்தச் சட்டத்தைச் சென்னை மாகாணத்தில் ரத்து செய்தது. இந்தியா முழுக்க ரத்தாக 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் முழுசாக விட்டுவிடவும் இல்லை. 1948-ல் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இது சாதியைப் பார்க்காது, தனி ஆளின் குற்றத்தைப் பார்க்கும் என்றார்கள். தாளில் சரிதான். ஸ்டேஷனில் பழைய பார்வை ஒரே நாளில் மாறுமா என்ன?

பதினாலில் எத்தனை?

மூன்றாவது விஷயம்தான் பெரிய புயலைக் கிளப்பியது. அரசு வேலையை வகுப்புவாரியாகப் பங்கிடும் கம்யூனல் ஜி.ஓ. நீதிக்கட்சிக் காலத்திலிருந்தே இருந்தது. முதல் உத்தரவு 1921-ல் வந்தது, அமைச்சர் எஸ்.முத்தையா முதலியார் அதைச் செயல்படுத்திக் காட்டினார். கணக்கு இப்படி: 12 இடம் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு 1.

இதில் ஒரு சிக்கல். பிராமணரல்லாதார் என்ற ஒரே கூடைக்குள் நிலபுலன் உள்ள முதலியாரும் ரெட்டியாரும் இருந்தார்கள். கூலிக்கு ஏர் பிடித்த வன்னியரும், மீன் பிடித்தவரும், முடி திருத்தியவரும் இருந்தார்கள். ஓட்டப் பந்தயத்தில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. தென்னாற்காட்டில் வன்னியர்களும் பட்டியல் சாதி மக்களும்தான் பெரிய எண்ணிக்கை. அரசு அலுவலக நாற்காலியில் மட்டும் அவர்கள் இல்லை.

1947 நவம்பரில் ஓமந்தூரார் அரசு கணக்கை மாற்றியது. இனி 14 இடம். பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியாக 2, பிராமணர்களுக்கு 2, பட்டியல் சாதியினருக்கு 2, கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களுக்கும் இந்தக் கணக்கு வந்தது.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். பிற்படுத்தப்பட்டவர்களுக்கு முதல் தடவையாகத் தனிக் கதவு திறந்தது. பட்டியல் சாதியினரின் பங்கு பன்னிரண்டில் ஒன்றிலிருந்து ஏழில் ஒன்றாக உயர்ந்தது. ஆனால் முஸ்லிம்களின் பங்கு ஆறில் ஒன்றிலிருந்து பதினாலில் ஒன்றாக இறங்கியது. கிறிஸ்தவர்களுக்கும் அப்படித்தான். மக்கள்தொகையோடு ஒட்டிப் பார்த்தால் இது சரி என்று சிலர் வாதிடலாம். ஆனாலும் பிரிவினை நடந்த அதே வருஷம், மதச் சிறுபான்மையினர் பல பக்கமும் சுருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. சென்னைச் சட்டசபையில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் 1948 மார்ச்சில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கைச் சென்னையில் தொடங்கி, இந்த நாட்டிலேயே இருந்து உரிமை கேட்போம் என்ற பாதையைத் தேர்ந்தார். சட்டசபைகளில் முஸ்லிம்களுக்குத் தனி இடம் வேண்டாம் என்று 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபை முடிவு செய்தபோது எதிர்த்து வாதாடியவரும் அவரே.

ஒரு சமூகத்துக்குக் கதவு திறக்கும்போது இன்னொன்றுக்குச் சன்னல் சாத்தப்படலாம். புது ஜனநாயகம் எதிலும் இந்தக் கணக்கு சுலபமாக முடிந்ததில்லை.

நாற்காலி ஏன் பறிபோனது?

இவ்வளவும் செய்தவரைச் சும்மா விடுவார்களா? ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தது; பெரிய நிலக்காரர்கள் கோபப்பட்டார்கள். கம்யூனல் ஜி.ஓ.வால் உயர்சாதித் தலைவர்கள் கோபப்பட்டார்கள். தாடி வைக்காத ராமசாமி நாயக்கர் என்று, பெரியாரோடு முடிச்சுப் போட்டுக் கட்சிக்குள்ளேயே அவரைக் கேலி செய்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பெரியாரையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1948-ல் கருஞ்சட்டைப் படை தடை செய்யப்பட்டது. பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்ததை எதிர்த்து மறியல் செய்த திராவிடர் கழகத்தினர் சிறைக்குப் போனார்கள். கம்யூனிஸ்டுகள் விசாரணை இல்லாமல் அடைக்கப்பட்டார்கள். குடிமகனுக்குக் கதவு திறந்த அதே கை, எதிர்த்துப் பேசிய குடிமகனுக்குப் பூட்டும் போட்டது. அவரைப் பற்றிப் பேசும்போது இதை மறைக்கக் கூடாது.

கடைசியில் அவரைக் கவிழ்த்தது கொள்கைச் சண்டையைவிடச் சாதாரணமான ஒன்று. எம்.எல்.ஏ.க்கள் கேட்ட டிரான்ஸ்ஃபர், பெர்மிட், வேலை எதையும் அவர் செய்து தரவில்லை. இவரோடு காலம் தள்ள முடியாது என்று கட்சிக்குள் முணுமுணுப்பு பெருகியது. 1949 ஏப்ரல் 6-ம் தேதி பி.எஸ்.குமாரசாமி ராஜா பொறுப்பேற்றார். ஓமந்தூரார் இறங்கி நடந்தார். இரண்டு வருஷமும் சில நாட்களும்தான் மொத்த ஆட்சி.

அதன் பிறகு அவர் போட்ட உத்தரவுக்கும் ஆபத்து வந்தது. கம்யூனல் ஜி.ஓ. அரசியல் சாசனத்தின் சமத்துவ உரிமைக்கு விரோதம் என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் 1950-ல் உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. தமிழ்நாடு கொந்தளித்தது. 1951 ஜூனில் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்தது. பிற்படுத்தப்பட்டவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு சேர்ந்தது. இன்றைக்கு நாடு முழுக்கப் பேசப்படும் இடஒதுக்கீட்டின் சட்ட வேரில், ஓமந்தூராரின் பதினாலு இடக் கணக்கும் இருக்கிறது.

வடலூரில் ஒரு கிழவர்

பதவி போனதும் அவர் இன்னொரு பதவி தேடிப் போகவில்லை. வடலூருக்குப் போனார். சாதி, சமயம் பார்க்காமல் எல்லா உயிரும் ஒன்று என்று சொன்ன வள்ளலார், 1867-ல் மூட்டிய தருமசாலை அடுப்பு அணையாமல் எரியும் ஊர் அது. அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, ஆதரவற்ற பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வேலையில் மிச்ச வாழ்க்கையைக் கழித்தார். 1970 ஆகஸ்ட் 25-ம் தேதி காலமானார். சொந்த ஊரான ஓமந்தூரில் அவருக்கு அரசு மணிமண்டபம் கட்டியிருக்கிறது.

சொந்த மண் என்ன கேட்கிறது?

அவர் பிறந்த மண்ணின் பிற்காலக் கதை அவ்வளவு இனிப்பாக இல்லை. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் நடந்த சாதி வன்முறையில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். 1987 செப்டம்பரில் தனி இடஒதுக்கீடு கேட்டு வன்னியர்கள் நடத்திய சாலை மறியல் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தார்கள். பிற்படுத்தப்பட்டோர் என்ற கூடைக்குள்ளும் ஏணி இருக்கிறது, நாங்கள் கீழ்ப்படியில் இருக்கிறோம் என்பதுதான் அவர்கள் வாதம். 1947-ல் ஓமந்தூரார் அரசு ஏற்றுக்கொண்ட அதே வாதம்தான் இது. 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும், குற்றப்பரம்பரைப் பட்டியலில் இருந்த சீர்மரபினருக்கும் சேர்த்து 20 சதவீதம் ஒதுக்கப்பட்டது.

திண்டிவனம் பக்கத்து இருளர் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஓட்டர் அட்டை பலரிடம் இருக்கும். சாதிச் சான்றிதழ் இருக்காது. அந்த ஒரு தாள் இல்லாததால் பிள்ளையின் மேல்படிப்பும் உதவித்தொகையும் தடைபட்டு நிற்கும். அங்கே குடியுரிமை தாசில்தார் அலுவலகத்து வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

லாத்வியாவிலும் இலங்கையிலும் சட்டமே மக்களை வெளியே தள்ளியது. இங்கே சட்டம் எல்லோரையும் உள்ளே அழைத்தது; ஊர் தள்ளி நிறுத்தியது. முன்னதைத் திருத்த நாடாளுமன்றம் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும். பின்னதைத் திருத்த ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு தெருவிலும் யாராவது ஒருத்தர் வாசற்படி வரை நடந்து போக வேண்டியிருக்கிறது. அவருக்குப் பின்னால் அரசு நிற்க வேண்டியிருக்கிறது. மேல்பாதி மக்கள் நடந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது திண்டிவனத்துக்காரர் ஒருவரின் அரசு 1947-ல் போட்ட சட்டம்.